பேய்க்கும் கூட்டாளி வேணும்ல

எனக்கும் எங்க அண்ணனுக்கும் பதினாலு வருஷமா ஒரு பாட்டை வச்சு வழக்கு ஓடிட்டு இருந்துச்சு. சின்ன வயசுல ஒரு வீடியோ கேசட்ல பேய்ங்க எல்லாம் ஒண்ணா நின்னு ஒரு பாட்டு பாடும், அதை நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம்னு நான் சொல்வேன். அப்படி ஒரு பாட்டே அதுல கிடையாது, நீ வேற எதையோ போட்டுக் குழப்பிக்கிறன்னு அவன் சொல்வான். அவன்கிட்ட ஆதாரம் இருந்துச்சு, காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல் டிவிடி. என்கிட்ட ஞாபகம் மட்டும்தான்.

1987ல நாங்க மும்பை தாராவியில 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு சால்ல இருந்தோம், வரிசையா ஒத்தை ரூம் வீடுங்க இருக்குற கட்டடம். ஒரே ரூம், பொதுக் கக்கூஸ், அது சந்தோட கடைசியில இருக்கும், லைட் எப்பவும் எரியாது. எனக்கு எட்டு வயசு, ராத்திரி அங்க போறதுக்கு அப்படி ஒரு பயம், அம்மாவை எழுப்புவேன், அம்மா நாள் பூரா நின்ன அசதியில எந்திரிக்க மாட்டாங்க, நான் அடக்கிட்டே படுத்திருப்பேன். அண்ணனுக்கு பதினொண்ணு, அவனுக்கும் பயம்தான், வெளிய சொல்ல மாட்டான்.

சித்தப்பா கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பார்த்தாங்க. எட்டு மாசம் பத்து மாசம் கழிச்சு வருவாங்க, வந்தா சால் முழுக்க திருவிழாதான், அன்னைக்கு ராத்திரி வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு வந்துடும், விடிய விடிய மூணு தமிழ்ப் படம் ஓடும், பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாம் வாசல்ல உக்காந்து பார்ப்பாங்க. அந்த வருஷம் அவங்க லண்டன்ல ஈஸ்ட் ஹாம்ல இருந்த ஒரு கூட்டாளி வீட்டுல இருந்து ஒரு கேசட் கொண்டு வந்தாங்க, அந்த வீட்டுல டிவில வந்ததை அப்படியே பதிவு பண்ணது. இங்கிலாந்துலயும் நம்மூர்லயும் டிவிக்கு PALனு ஒரே கலர் முறைங்கிறதால நம்ம டெக்ல கலரோட ஓடுச்சு, அமெரிக்கா கேசட்டா இருந்தா பல டெக்ல கருப்பு வெள்ளையில ஆடிக்கிட்டுதான் வரும்.

அதுல இருந்தது தி மப்பெட் ஷோ. துணி பொம்மைங்க ஒரு பழைய நாடகக் கொட்டகையை நடத்தும், கெர்மிட்னு ஒரு தவளைதான் மேனேஜர், வாராவாரம் ஒரு நிஜ மனுஷ நட்சத்திரம் விருந்தாளியா வருவாங்க. சித்தப்பா கொண்டு வந்த கேசட்ல வந்தவர் வின்சென்ட் ப்ரைஸ். பேய்ப் படத்துக்குப் பேர் போன நடிகர், மைக்கேல் ஜாக்சனோட த்ரில்லர் பாட்டுல நடுவுல ஒரு கனத்த குரல் பேசி கடைசியில சிரிக்கும்ல, அந்தக் குரல் இவருதான். எபிசோட் முழுக்க பேய், பூதம், இருட்டு, நான் அண்ணன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுதான் பார்த்தேன்.

அப்புறம் அந்தப் பாட்டு. வின்சென்ட் ப்ரைஸ் நடுவுல நிப்பாரு, சுத்தி பூதங்க, அதுல அங்கிள் டெட்லின்னு ஒரு ஒல்லியான நீல பூதம், எல்லாரும் சேர்ந்து யூ ஹாவ் காட் எ ஃப்ரெண்ட் பாட்டைப் பாடுவாங்க, கேரோல் கிங் எழுதி 1971ல வந்த பாட்டு அது. எனக்கு ஒரு வார்த்தை புரியல. ஆனா பயமுறுத்தின அத்தனையும் ஒண்ணா நின்னு அவ்வளவு மெதுவா பாடுறது புரிஞ்சுச்சு. சித்தப்பா என்னை இழுத்து மடியில உக்கார வச்சு, "பாத்தியா பிள்ள, பேய்க்கும் கூட்டாளி வேணும்ல"ன்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தனியா கக்கூஸ் போனேன். சந்து அதே இருட்டுதான். அந்த இருட்டுல ஏதாவது நின்னா அதுவும் பாட ஆள் தேடிக்கிட்டு நிக்கும்னு நினைச்சுக்கிட்டே போயிட்டு வந்துட்டேன்.

2009ல அண்ணன் கம்பெனி வேலையா அமெரிக்கா போனப்போ மப்பெட் ஷோ முதல் சீசன் டிவிடி பெட்டி வாங்கிட்டு வந்தான். எனக்காகத்தான் வாங்குனான், அதை இப்பவும் நினைச்சுக்கிறேன். லேப்டாப்ல போட்டு ரெண்டு பேரும் உக்காந்தோம். வின்சென்ட் ப்ரைஸ் வந்தாரு, பேய் வந்துச்சு, இருட்டு வந்துச்சு, நான் பாட்டுக்காக காத்துக்கிட்டே இருந்தேன், எபிசோட் முடிஞ்சு பேர் ஓட ஆரம்பிச்சிடுச்சு. ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன். ஒரு வெட்டு தெரியல, ஒரு கருப்பு தெரியல, ஒரு காட்சி முடிஞ்சு அது போக்குல அடுத்த காட்சிக்குப் போயிட்டே இருக்கு. "பாத்தியா, நான்தான் சொன்னேன்ல"ன்னான் அண்ணன். சித்தப்பா அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே தவறிட்டாங்க, கேக்க ஆள் இல்ல.

என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிய வந்தது என் வேலையாலதான். நான் அந்தேரியில ஒரு ஸ்டூடியோல சவுண்ட் வேலை பார்க்குறேன், வெளிநாட்டு கார்ட்டூனுக்கு தமிழ், இந்தி டப்பிங் வர்றப்போ மிக்ஸிங் பண்ணுவோம். கூடவே க்யூ ஷீட் போடுவோம். ஒவ்வொரு எபிசோட்லயும் எந்த நிமிஷம் எந்த செகண்டுல எந்த இசை ஆரம்பிக்குது, எவ்வளவு நேரம் ஓடுது, யார் எழுதினது, யார் இசை, எந்த பப்ளிஷர், பின்னணியில வருதா இல்ல காட்சியில யாராவது பாடுறாங்களான்னு எல்லாத்தையும் வரிசையா எழுதுற தாள் அது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டி போறது இந்தத் தாளை வச்சுத்தான். சலிப்பான வேலைன்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அப்படித் தோணினதே இல்ல.

ஒரு பாட்டுன்னு நாம சொல்றோம், உரிமைக் கணக்குல அது ரெண்டு மூணு பொருள். பாட்டோட வரியும் மெட்டும் ஒரு சொத்து, அது எழுதினவங்க கையில, இல்லாட்டி அவங்க பப்ளிஷர் கையில. அதைப் பாடிப் பதிவு பண்ண ரெக்கார்டிங் தனி சொத்து, அது பெரும்பாலும் கம்பெனி கையில. டிவி சேனல் ஒளிபரப்புறதுக்கு உரிமைச் சங்கங்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமா கட்டிட்டாப் போதும், அந்தச் சங்கத்துல இருக்குற யார் பாட்டையும் போடலாம். ஆனா அதே நிகழ்ச்சியை கேசட்டா டிவிடியா விக்கணும்னா கதை வேற. படத்தோட பாட்டைச் சேர்த்து நகல் எடுத்து விக்குறதுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு பப்ளிஷர்கிட்டயும் தனித்தனியா பேசி வாங்கணும், பாட்டைப் படத்தோட சேர்க்குறதுக்கான அனுமதி, சிங்க் லைசென்ஸ்னு நாங்க சொல்றது, அதுவும் இதுல அடக்கம். மப்பெட் ஷோ 1976ல இருந்து 1981 வரைக்கும் இங்கிலாந்துல எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோல எடுத்தது, மொத்தம் 120 எபிசோட், ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு பாட்டு, பழைய நாடகக் கொட்டகைப் பாட்டு, ஜாஸ், அப்போ ரேடியோல ஓடிட்டு இருந்த பாப் பாட்டு. ஒரு வீட்டுல ஒரு குடும்பம் இதை விலைக்கு வாங்கி அலமாரியில வச்சுக்கும்னு அப்ப யார் நினைச்சா? டிவில போடுறதுக்கு என்ன வேணுமோ அதை வாங்கினாங்க, போட்டாங்க.

2005ல முதல் சீசன் டிவிடி வந்தப்போ அந்தக் கணக்கு வந்து கதவைத் தட்டுச்சு. கிடைக்காத பாட்டு, கட்டுப்படியாகாத பாட்டு எல்லாத்தையும் வெட்டிட்டுதான் பெட்டியே வந்துச்சு, வின்சென்ட் ப்ரைஸோட பாட்டும் அதுல போச்சு. ரெண்டாவது சீசன் 2007ல, மூணாவது 2008ல, அதோட சரி, நாலும் அஞ்சும் டிவிடியா வரவே இல்ல. 2021 பிப்ரவரியில டிஸ்னி ப்ளஸ்ல அஞ்சு சீசனும் ஏத்துனாங்க, டிவிடியில வெட்டின சிலது திரும்ப வந்துச்சு, அப்பவும் சில இடத்துல வெட்டு வெட்டுதான்.

விலை பேசுறதுல ஒரு முடிச்சு இருக்கு, வெளிய நிறைய பேருக்குத் தெரியாது. பப்ளிஷர்ங்க ஒப்பந்தத்துல ஒரு வரி கேப்பாங்க, இந்தப் படைப்புல வேற எந்தப் பாட்டுக்காவது எனக்குக் கொடுத்ததை விட அதிகமா கொடுத்தா எனக்கும் அதே அளவு ஏத்திக் கொடுக்கணும்னு. அதனால ஒரே ஒரு பாட்டுக்காரர் கூடக் கேட்டா அவருக்கு மட்டும் கொடுத்து முடிக்க முடியாது, எல்லாருக்கும் ஏறும். முப்பது வருஷம் முன்னாடி வந்த ஒரு குழந்தைங்க நிகழ்ச்சியோட டிவிடி எத்தனை விக்கும்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, அந்த ஒரு பாட்டை எடுத்துடுங்கன்னு மேஜையில முடிவு பண்ணிடுவாங்க.

ஏன் வெட்டணும், வேற பாட்டை மாத்தி வச்சா என்னன்னு கேப்பீங்க. மாத்துறதும் உண்டு. 1989ல வந்த சூப்பர் மாரியோ கார்ட்டூன் தொடர்ல துரத்துற காட்சிக்கெல்லாம் அந்தக் கால ஹிட் பாட்டுங்களைப் பாடி வச்சிருந்தாங்க, டிவிடியில அங்கெல்லாம் வெறும் வாத்திய இசைதான். ஆனா அப்படி மாத்தணும்னா பேச்சு தனியா, இசையும் சத்தமும் தனியா இருக்கணும். பேச்சு இல்லாம இசையும் சத்தமும் மட்டும் இருக்குறதுக்கு எங்க பாஷையில எம் அண்ட் ஈ ட்ராக்னு பேரு, டப்பிங்குக்கு அதுதான் உயிர். அதுலயும் இசை வேற, காலடிச் சத்தம் வேறன்னு பிரிச்சு வச்சிருந்தாத்தான் சுலபம். எல்லாம் ஒரே ட்ராக்ல கலந்துட்டா பாட்டை எடுக்குறப்போ கூட இருக்குற கைதட்டல், சிரிப்பு, பேச்சு எல்லாம் சேர்ந்து போயிடும், சாம்பார்ல இருந்து புளியை மட்டும் எடுன்னு சொன்னா எப்படி எடுக்க? அதோட இங்க பூதங்க வாயைத் திறந்து பாடுது, வேற பாட்டை எங்க கொண்டு வைக்க. வெட்டுறது ஒண்ணுதான் வழி.

மப்பெட் ஷோவை உண்டாக்கின ஜிம் ஹென்சனோட ஆளுங்களே 1983ல ஃப்ராகல் ராக்னு ஒண்ணு பண்ணாங்க, பாட்டு பூரா அந்த நிகழ்ச்சிக்குன்னே எழுதினது, அதனால அது முழுசா டிவிடியில கிடைச்சுச்சு. 1984ல வந்த மப்பெட் பேபீஸ் கார்ட்டூன்ல நடுநடுவுல பெரிய படங்களோட துண்டைச் சேர்த்திருந்தாங்க, அது ஒழுங்கா டிவிடி பக்கமே வரல. நாங்க கேபிள்ல பார்த்த தி வொண்டர் இயர்ஸ் 1993ல முடிஞ்சு, முழு டிவிடி வர்றதுக்கு 2014 ஆச்சு, நடுவுல நெட்ஃபிளிக்ஸ்ல வந்தப்போ ஜோ காக்கர் பாடின டைட்டில் பாட்டே இல்ல, வேற யாரோ பாடினது. எது குழந்தைங்க மனசுல அதிகமா ஒட்டுச்சோ அதுதான் முதல்ல போகுது.

நம்மூர் பக்கமும் இது இருக்கு, வேற உருவத்துல. 1993ல தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை காலையில ஜங்கிள் புக் வரும், ஜப்பான்ல எடுத்த கார்ட்டூன், இந்தியில டப் பண்ணது. அந்த டைட்டில் பாட்டு குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசை போட்டது, இந்திப் பதிப்புக்குன்னே இங்க பண்ணது. எங்க சால்ல இந்தி சரியாப் பேச வராத பாட்டிங்க கூட அந்த மெட்டை முணுமுணுத்தாங்க. ஆனா ஜப்பான் மூலத்துல அந்தப் பாட்டு கிடையாது, அங்க டைட்டிலுக்கு வேற பாட்டு. மூலத்தைத் தேடி வாங்குற நம்மூர் ஆளுக்கு மௌக்லி கிடைப்பான், பாட்டு கிடைக்காது. நமக்கு பாட்டு இல்லாம அந்த மௌக்லி யாரு?

இப்போ என் மனசுல இருக்குறதைச் சொல்லிடுறேன். பாட்டு எழுதினவங்க காசு கேக்குறது தப்புன்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். நம்ம நாட்டுல எத்தனை பாடலாசிரியர், எத்தனை இசையமைப்பாளர் ஒரு தொகையை வாங்கிட்டு எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டு கடைசிக் காலத்துல கஷ்டப்பட்டாங்கன்னு நமக்குத் தெரியும். 2012ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க, அதுக்கு இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாதிரி ஆளுங்க பாராளுமன்றத்துலயே பேசினாங்க. அந்தத் திருத்தத்துல ஒரு வரி இருக்கு, ஒப்பந்தம் போடுற காலத்துல இல்லாத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அந்த ஊடகத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாத்தான் செல்லும்னு. படிச்சப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, ரொம்ப நியாயமான வரி. கொஞ்ச நேரம் கழிச்சுதான் உறைச்சுது, 1976ல போட்ட ஒப்பந்தம் 2005 டிவிடிக்குச் செல்லாமப் போனதும் ஏறக்குறைய இதே நியாயத்துலதான். எழுதினவங்களைக் காப்பாத்துற அதே நியாயம் ஒரு பழைய நிகழ்ச்சியில ஓட்டையும் போடுது. ரெண்டுல எதையும் என்னால விட முடியல.

என் கோவம் வெட்டினதுல இல்ல, வெட்டினது தெரியாம ஒட்டினதுல. அந்த இடத்துல அஞ்சு செகண்டு ஒரு கார்டு போடலாம், இங்க ஒரு பாட்டு இருந்தது, உரிமை கிடைக்கலன்னு. பெட்டி மேல சின்ன எழுத்துல பொதுவா ஒரு வரி போடுறது போதாது, எந்த எபிசோட்ல எந்தப் பாட்டுன்னு சொல்லணும். அந்த ஒரு வரி இருந்திருந்தா பதினாலு வருஷம் நான் என் ஞாபகத்தையே சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். சில ராத்திரி நான் நிஜமாவே யோசிச்சிருக்கேன், சித்தப்பா சொன்ன அந்த வார்த்தையும் நானா உண்டாக்கினதுதானோன்னு.

இதைக் கோவமாச் சொல்ற நானும் அதைச் செஞ்சிருக்கேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு கார்ட்டூன் டப்பிங்ல பனி விழுற காட்சியில ஒரு கரடிக்குட்டி ஒரு பாட்டு பாடும், நாப்பது செகண்டு, அந்தப் பாட்டுக்கு இந்தியாவுக்கான உரிமை வாங்கலன்னு எடுக்கச் சொன்னாங்க. நான்தான் எடுத்தேன். காத்துச் சத்தத்தை இழுத்து வெட்டு தெரியாத மாதிரி ஒட்டிக் கொடுத்தேன், நல்லாப் பண்ணியிருக்கன்னு பாராட்டும் வந்துச்சு. கார்டு போடலாமான்னு கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. க்யூ ஷீட்ல மட்டும் அந்த நேரத்தையும் பாட்டோட பேரையும் எழுதி, நீக்கப்பட்டதுன்னு போட்டேன். அப்படி எழுதணும்னு யாரும் கேக்கல. எங்கயோ ஒரு ஃபைல்ல அது இருக்கும்.

2023ல அம்மாவோட கல்யாண் வீட்டுக்கு வெள்ளையடிக்க பரணைக் காலி பண்ணப்போ டிரங்குப் பெட்டியில அந்த கேசட் கிடைச்சுது. சித்தப்பா கையெழுத்துல லண்டன்னு மட்டும் தமிழ்ல எழுதியிருந்துச்சு. கேசட்டோட சின்ன கண்ணாடி ஜன்னல் வழியாப் பார்த்தா டேப் சுருள் மேல வெள்ளையா பூசணம், கோலப்பொடி கொட்டின மாதிரி. மும்பை மழையில முப்பத்தாறு வருஷம்னா கேக்கணுமா. லேமிங்டன் ரோட்ல ஒரு பெரியவர் இதுக்குன்னே இருக்காரு, எடுத்துட்டுப் போனேன். அவரு அஞ்சு ஸ்க்ரூவையும் கழட்டி மூடியைத் தூக்கினதும் ஒரு ஈர வாசனை வந்துச்சு, பழைய சாக்கு வாசனை. பூசணம் பிடிச்ச டேப்புக்குன்னே அவரு தனியா ஒரு டெக் வச்சிருக்காரு, நல்ல டெக்ல போட்டா ஹெட் வழியா அடுத்தவங்க டேப்புக்கும் பரவிடுமாம். மெல்லிசான துணியில ஆல்கஹால் தொட்டு டேப்பை மெதுவா, ரொம்ப மெதுவா ஓட்டி ஓட்டித் துடைச்சாரு, துணி சாம்பல் நிறமாச்சு, மாத்தினாரு, திரும்ப சாம்பல். "ஜல்தி மத் கரோ பேட்டி", அவசரப்படாத மகளேன்னு என்னைப் பார்த்து இந்தியில சொன்னாரு, நான் ஒண்ணும் சொல்லாமதான் நின்னேன், முகத்துல தெரிஞ்சிருக்கும் போல. மூணு நாள் கழிச்சு பென் டிரைவ்ல கொடுத்தாரு. நான் அதைத் திறந்து பார்க்கல, அண்ணன் இல்லாம பார்க்கக் கூடாதுன்னு இருந்தேன்.

தீபாவளிக்கு அவன் ஐரோலியில இருந்து கல்யாண் வந்தான். டிவி பின்னாடி பென் டிரைவைச் சொருகினோம். படம் கீழ்ப்பக்கம் ஆடிக்கிட்டே இருக்கு, கலர் வழியுது, விளம்பரம் வர்ற இடத்துல ஈஸ்ட் ஹாம்ல யாரோ நிறுத்தி அழுத்தின இடத்துல ஒரு துள்ளல். அப்புறம் வின்சென்ட் ப்ரைஸ் நடுவுல வந்து நின்னாரு, சுத்தி பூதங்க. ரெண்டு இடத்துல சத்தம் முங்கி முங்கி வந்துச்சு, ஆனா பாட்டு இருந்துச்சு, முழுசா இருந்துச்சு. அண்ணன் ஒண்ணும் பேசல. ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தான், பாட்டு முடிஞ்சதும் அவனே ரீவைண்ட் பண்ணான்.

ரெண்டாவது தடவை ஓடுறப்போ அம்மா அடுக்களையில முறுக்கு சுட்டுட்டு இருந்தவங்க கரண்டியோட வாசல்ல வந்து நின்னாங்க. டிவியைப் பார்க்கல, காதுல மட்டும் கேட்டுட்டு, "இது உங்க சித்தப்பா குளிக்கும்போது பாடுற பாட்டுல்லா?"ன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். "கப்பல்ல இருந்து வந்தா இதையேதான் பாடிக்கிட்டுக் கெடப்பாவ, வார்த்தை ஒண்ணும் வராது, ம்ம்ம்னுதான் இழுப்பாவ"ன்னு சொல்லிட்டு எண்ணெய் காயுதுன்னு உள்ள போயிட்டாங்க. இத்தனை வருஷத்துல அம்மாகிட்ட நாங்க கேக்கவே இல்ல.